வீட்டில் கஷ்டம் வரும்போது பிள்ளைகளோடு எப்படி இருப்பது? கேள்வி பதில்

முப்பத்து மூன்று வருடம் அரசுப் பள்ளிகளில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் கஷ்டம் என்றால் அது பிள்ளையின் முகத்துக்கு வரும் முன்பே அவன் நோட்டுக்கு வந்துவிடும். எழுத்து சாயும், பக்கங்கள் காலியாக நிற்கும். அதைப் பார்த்துப் பார்த்துக் கற்றதைத்தான் இங்கே சொல்கிறேன். கேட்டவர்களின் பெயர்களை எழுதவில்லை, ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

திருப்பூரிலிருந்து ஓர் அம்மா: இவருக்கு பனியன் கம்பெனியில் வேலை போய் நாலு மாதம் ஆகிறது டீச்சர். மூன்றாம் வகுப்புப் பையனுக்குத் தெரியாமல் மறைத்தே சமாளிக்கிறோம். இப்போதெல்லாம் அவன் எதுவுமே கேட்பதில்லை. தேர்த் திருவிழாவில்கூட கடைகளைச் சும்மா வேடிக்கை பார்த்துவிட்டு வந்துவிட்டான். பொறுப்பு வந்துவிட்டது என்று நினைக்கலாமா?

அப்படி நினைக்காதீர்கள் அம்மா. கேட்பதை நிறுத்திவிட்டான் என்றால் அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அப்பா பகலில் வீட்டில் இருக்கிறார், போன் வந்தால் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசுகிறார், கறி எடுக்கிற ஞாயிற்றுக்கிழமையில் முட்டைக் குழம்பு. எட்டு வயதுப் பிள்ளைக்கு இது போதும். காரணம் மட்டும்தான் அவனுக்குத் தெரியாது. காரணம் தெரியாத இடத்தில் பிள்ளைகள் தங்களையே வைத்துப் பார்ப்பார்கள். 'நான் சைக்கிள் கேட்டதால்தான் அப்பாவும் அம்மாவும் சண்டை போடுகிறார்கள்' என்று என்னிடம் ஒரு பையன் சொல்லியிருக்கிறான். சைக்கிள் கேட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த ஒரு வருடமும் அவன் அதைச் சுமந்திருக்கிறான்.

ஒரு நாள் சாயங்காலம் இரண்டு பேரும் அவன் பக்கத்தில் உட்காருங்கள். 'அப்பா கம்பெனியில் ஆர்டர் குறைந்துவிட்டது, நிறைய பேரை நிறுத்திவிட்டார்கள். அப்பா வேறு வேலை தேடுகிறார். அதுவரைக்கும் செலவைக் குறைக்கிறோம். இது உன்னால் வந்தது இல்லை.' இவ்வளவு போதும். கடன் எவ்வளவு, யாருக்கு வட்டி என்பதெல்லாம் அவனுக்கு வேண்டாம். உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். அடுத்த வருடம் பள்ளிக்கூடம் மாறவேண்டி வரலாம் என்றால், மாறாது என்று இன்றைக்குச் சத்தியம் செய்யாதீர்கள்.

அப்புறம் அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒப்புக்குச் சொல்லாமல், நிஜமாகவே வீட்டுக்குப் பயன்படுகிற வேலையாக இருக்கட்டும். சந்தைக்குக் கூட்டிப் போய்த் தக்காளியை அவனையே பொறுக்கி எடுக்கச் சொல்லுங்கள். அன்றைய செலவை நோட்டில் அவன் கையால் எழுதட்டும். 'நீ எழுதி வைத்ததால் கணக்கு பார்க்க முடிகிறது' என்று அப்பா வாயால் ஒரு வார்த்தை வரட்டும். வாரத்தில் ஒரு நாள் பத்து ரூபாய்க்கு அவன் இஷ்டப்பட்டதை வாங்கிக் கொடுங்கள். கேட்கலாம் என்கிற பழக்கம் அவனிடம் செத்துப்போகக் கூடாது.

கரூரிலிருந்து ஓர் அம்மா: கணவர் இறந்து ஆறு மாதம். ஐந்து வயது மகளிடம் 'அப்பா ஊருக்குப் போயிருக்கிறார்' என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். தினமும் வாசலைப் பார்க்கிறாள். அவள் முன்னால் நான் அழுவதே இல்லை.

உங்களுக்கு என்ன ஆறுதல் சொன்னாலும் போதாது அம்மா. ஆனால் ஊருக்குப் போயிருக்கிறார் என்பதை இன்றைக்கே மாற்றுங்கள். நாளைக்கு நீங்கள் ஊருக்குக் கிளம்பினால் அவள் நடுங்கிப் போவாள். 'தூங்குகிறார்' என்பதும் வேண்டாம், அப்படிச் சொல்லப்பட்ட பிள்ளைகள் கண்ணை மூடவே பயப்படுவதைப் பார்த்திருக்கிறேன். 'அப்பா இறந்துவிட்டார். அவர் உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது. இனி அவருக்கு வலிக்காது, பசிக்காது. திரும்பி வரவும் முடியாது' என்று சொல்லுங்கள். சாமியிடம் இருக்கிறார் என்று உங்கள் வீட்டில் நம்பினால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் இதைச் சொன்ன பிறகு.

அவள் மறுநாளும் 'எப்போ வருவார்?' என்று கேட்பாள். சாவு என்றால் திரும்பாதது என்பது அந்த வயதில் முழுதாகப் பிடிபடாது. அதே பதிலை அதே குரலில் மறுபடி சொல்லுங்கள். நிறுத்தியிருந்த விரல் சூப்புவது, படுக்கை நனைவது திரும்ப வந்தால் திட்டாதீர்கள். அவள் முன்னால் அழலாம். அம்மா அழுகிறாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு சோறும் பிசைகிறாள் என்று பார்க்கிற பிள்ளைக்கு அழுகையைக் கண்டு பயம் போகும். அவருடைய சட்டை ஒன்றை அவளுக்கென்று வைத்துக் கொடுங்கள்.

கணவரை இழந்த அம்மாக்களின் பிள்ளைகளுக்கு, 'மிஷன் வாத்சல்யா' என்கிற அரசுத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள், கலெக்டர் ஆபீஸில் விசாரித்தால் வழி சொல்வார்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், அது அவளுக்கு உரியது.

மதுரையிலிருந்து ஒரு தகப்பனார்: பையன் பத்தாம் வகுப்பில் கணக்கில் 28 மார்க். ரூமை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறான். சொந்தக்காரர்கள் போன் மேல் போன். கோபத்தில் நானும் பேசிவிட்டேன்.

முதலில் போனை அணைத்து வையுங்கள் தம்பி. அப்புறம் கதவைத் தட்டி, பேசியதற்கு மன்னிப்புக் கேளுங்கள். அப்பா மன்னிப்புக் கேட்டால் மரியாதை குறையாது. 'மார்க்கைப் பற்றி இன்றைக்குப் பேச வேண்டாம், சாப்பிட வா' என்று மட்டும் சொல்லுங்கள். வராவிட்டால் தட்டை உள்ளே கொண்டுபோய், நீங்களும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

கணக்கை இரண்டு நாள் கழித்துப் பார்க்கலாம். பாஸ் மார்க் 35, குறைவது ஏழு. துணைத் தேர்வு சீக்கிரமே வந்துவிடும். அதில் பாஸானால் இந்த வருடமே ப்ளஸ் ஒன் சேரலாம், ஒரு வருடமும் வீணாகாது. மாநில அளவில் முதலிடம் யார் என்று பட்டியல் போடுவதை அரசாங்கமே 2017லிருந்து விட்டுவிட்டது. வீட்டுக்குள்ளும் அந்தப் பட்டியல் வேண்டாம், பெரியப்பா மகன் எடுத்த மார்க்கை இனி எடுக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். 'நான் இல்லாமல் போனால் உங்களுக்கு நிம்மதி' என்கிற மாதிரி பேச்சு, தூக்கமே இல்லாதது, ஆசையாக வைத்திருந்த பொருளை யாருக்காவது கொடுப்பது, இதில் எது தெரிந்தாலும் தனியாக விடாதீர்கள். 'செத்துப் போகலாம் என்று தோன்றுகிறதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, சொல்ல ஒரு வாசல் திறக்கும். 14416, அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் என்று பெயர், இலவசம். ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். நீங்களும் கூப்பிடலாம்.

சேலத்திலிருந்து: அதிகம் பாராட்டினால் தலைக்கனம் வராதா?

எதைப் பாராட்டுகிறோம் என்பதுதான் விஷயம். அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்கிற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 1998ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். புதிர் போட்ட பிள்ளைகளில் சிலரிடம் 'நீ புத்திசாலி' என்றும் சிலரிடம் 'நன்றாக உழைத்தாய்' என்றும் சொன்னார்கள். அடுத்துக் கஷ்டமான புதிர் கொடுத்துத் தோற்க வைத்தார்கள். அதற்குப் பிறகு, முதலில் போட்டதைப் போன்ற புதிரையே கொடுத்தும் 'புத்திசாலி'கள் முன்பைவிடக் குறைவாகத்தான் போட்டார்கள். 'கெட்டிக்காரி' என்று சொல்வதைவிட 'மூன்று தடவை அழித்து அழித்துப் போட்டாயே, பார்த்தேன்' என்று சொல்லுங்கள். பார்த்தேன் என்பதுதான் அவளுக்கு வேண்டியது.

சிவகங்கையிலிருந்து ஒரு தாத்தா: மகளும் மருமகனும் பிரிந்துவிட்டார்கள். பேரன் என்னிடம். எனக்கு வயது 71. நான் ஒருவன் போதுமா?

ஐயா, ஹவாயின் கவாய் தீவில் 1955ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்கிற உளவியல் ஆய்வாளர் பல பத்து வருடங்கள் தொடர்ந்து கவனித்தார். வறுமை, குடும்பச் சண்டை என்று பல கஷ்டங்களில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல மனிதர்களாகத் தலையெடுத்தார்கள். அவர்களுக்கு அமைந்த முக்கியமான துணை, விட்டுப்போகாத ஒரு பெரியவர். பல பேருக்கு அது தாத்தாவோ பாட்டியோதான். நீங்கள் போதும் ஐயா. தினமும் ஒரே நேரத்தில் ஒரு காரியத்தை இரண்டு பேரும் சேர்ந்து செய்யுங்கள், கண்மாய்க் கரையில் நடப்பதுகூடப் போதும். அம்மாவையும் அப்பாவையும் அவன் காதுபடக் குறை சொல்லாதீர்கள். அவன் இரண்டு பேரிலும் பாதி.

சென்னையிலிருந்து ஓர் அம்மா: சின்னவனுக்கு எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சிகிச்சை. பதினொரு வயது மூத்தவள் அத்தை வீட்டில், 'எனக்கு ஒன்றும் இல்லைம்மா' என்றே சொல்கிறாள்.

தினம் பத்து நிமிடம் போன் போடுங்கள், அதில் தம்பி பேச்சே வேண்டாம். அவள் தோழி, அவள் ரெக்கார்டு நோட்டு, அத்தை வைத்த குழம்பு, இது மட்டும் பேசுங்கள். முடிந்தால் ஒரு நாள் வெளியே கூட்டிவந்து, அவளுக்கு மட்டும் தலை பின்னிவிடுங்கள்.

தர்மபுரியிலிருந்து ஓர் ஆசிரியர்: நாற்பது பிள்ளைகள். ஒவ்வொருவரையும் எப்படிக் கவனிப்பது?

நாற்பதும் ஒரே நாளில் முடியாது தம்பி. ஒரு நாளைக்கு இரண்டு பேர் என்று வருகைப் பதிவேட்டில் பென்சிலால் புள்ளி வைப்பேன். அன்றைக்கு அந்த இரண்டு பேரிடமும் பாடம் அல்லாத ஒரு வார்த்தை பேசிவிடுவேன்.

என் வகுப்பில் ஒரு பையன். அப்பா லாரி விபத்தில் போன பிறகு வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவான். அறிவுரை சொன்னேன், நடக்கவில்லை. எங்கள் பள்ளியில் வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டுதான் மணி. காலை மணியை இனி நீ அடி என்று அவனிடம் கொடுத்தேன். முதல் நாள் கம்பியைப் பிடிக்கத் தெரியாமல் கை அதிர்ந்து உதறினான். ஒரு வாரத்தில் கம்பியின் பிடியில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றிக்கொண்டு வந்தான். யாரும் சொல்லவில்லை. எட்டே முக்காலுக்கே வந்து மரத்தடியில் நிற்பான். ஒரு நாள் காய்ச்சலில் வர முடியவில்லை. மறுநாள் வந்ததும் கேட்டான், 'நேத்து மணி யார் டீச்சர் அடிச்சா?' 'யார் அடித்தாலும் உன்னை மாதிரி வரவில்லை, ஆறாம் வகுப்புக்குக் கேட்கவே இல்லையாம்' என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.