300 ரூபாய் பிடித்தமும் 5 லட்சம் கணக்கும்

கேள்வி: நகராட்சியில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். வயது 41. மருத்துவக் காப்பீட்டுக்கு முன்பு சம்பளத்தில் 180 ரூபாய் பிடித்தார்கள், இப்போது 300. போன வருடம் மனைவிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். 1,10,000 ரூபாய் பில்லில் பாதிக்கு மேல் கையிலிருந்துதான் கட்டினேன். அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை இருக்கிறது. 5 லட்சத்துக்கு மேல் கொடுக்கும் சூப்பர் டாப்-அப் எடுக்கச் சொல்கிறார் ஏஜென்ட். எடுக்கலாமா?

பதில்: பிடித்தம் கூடியதில் வருடத்துக்கு 1,440 ரூபாய்தான் அதிகம். மொத்தமே 3,600. இந்த விலைக்கு நான்கு பேர் குடும்பத்துக்கு வெளியில் பாலிசி கிடைக்காது, விலகவும் வழியில்லை. அதை விட்டுவிட்டு ஓட்டை எங்கே என்று பார்ப்போம்.

தமிழக அரசு ஊழியர்களுக்கென்று 2021 ஜூலையில் நான்கு வருடத்துக்குத் தொடங்கிய புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 5 லட்சம் என்பது வருடத்துக்கு அல்ல, அந்த நான்கு வருடத்துக்கும் சேர்த்து, முழுக் குடும்பத்துக்கும் என்றுதான் இருந்தது. குறிப்பிட்ட சில பெரிய சிகிச்சைகளுக்கு மட்டும் 10 லட்சம். ஏஜென்ட் சொல்லும் சூப்பர் டாப்-அப்பிலோ 5 லட்சம் டிடக்டபிள், அதாவது பாலிசி பணம் தரத் தொடங்கும் முன் பில் தாண்ட வேண்டிய தொகை, ஒவ்வொரு வருடமும் புதிதாகத் தொடங்கும். முதல் வருடம் 4 லட்சம் செலவாகிவிட்டது என்று வையுங்கள். அடுத்த வருடம் 7 லட்சம் பில் வந்தால் அரசுத் திட்டத்தில் மிச்சம் 1 லட்சம். டாப்-அப் தருவது 2 லட்சம். உங்கள் கையிலிருந்து 4 லட்சம். டிடக்டபிளை 3 லட்சமாக வைத்திருந்தால் டாப்-அப் 4 லட்சம் கொடுக்கும், நீங்கள் 2 லட்சம். பிரீமியம் கொஞ்சம் கூடும், ஆனாலும் 3 லட்சத்தையே எடுங்கள். வெறும் ‘டாப்-அப்’ வேண்டாம். அதில் ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனியாக டிடக்டபிளைத் தாண்ட வேண்டும்.

ஆனால் போன வருடம் நடந்ததற்கு இந்தப் பாலிசி மருந்தல்ல. 1,10,000 பில் இந்த இரண்டு டிடக்டபிளையும் தாண்டாது. அரசுத் திட்டம் சிகிச்சைக்கு இவ்வளவு என்று பேக்கேஜ் வைத்துத்தான் கொடுக்கிறது. கர்ப்பப்பை நீக்கத்துக்கும் கண்புரைக்கும் தனி உச்சவரம்பும் உண்டு. அட்மிஷன் போடும்போதே காப்பீட்டு டெஸ்க்கில் கேளுங்கள்: இந்த ஆபரேஷனுக்கு எவ்வளவு அனுமதி, எந்த ரூம், மேலே கட்ட வேண்டியது என்ன? எழுத்தில் வாங்குங்கள். பட்டியலில் உள்ள மருத்துவமனை கூடுதலாக வசூலித்தால் பில்லின் முழு விவரத்தோடு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவுக்கு மனு கொடுக்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியும் அசல் ரசீதும் இல்லாமல் போகாதீர்கள். இந்த மாதிரி நடுத்தர பில்லுக்கென்று வங்கியில் 1 லட்சம் தனியாக இருக்கட்டும்.

அடுத்தது அப்பா. திருமணமான ஊழியரின் பெற்றோர் உங்கள் திட்டத்தில் வரமாட்டார்கள். நிறையப் பேர் காப்பீட்டு அட்டையை நீட்டிய பிறகுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். அப்பா அம்மாவுக்குத் தனிக் குடும்ப அட்டை இருந்து, வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு கிடைக்கும்: குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம், பிரீமியம் கிடையாது, பழைய சர்க்கரைக்குக் காத்திருப்பும் கிடையாது. வி.ஏ.ஓ. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாரோடு ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். உங்கள் குடும்ப அட்டையிலேயே அவர்கள் பெயர் இருந்தால் உங்கள் சம்பளமும் கணக்கில் வந்துவிடும். இதற்காக அட்டையைப் பிரிக்கச் சொல்லவில்லை. உண்மையிலேயே தனிக்குடித்தனம் என்றால் மட்டும்.

அது இல்லையென்றால் மூத்த குடிமக்கள் பாலிசி. சர்க்கரையை விண்ணப்பத்தில் மறைத்தால் கிளெய்ம் நேரத்தில் மாட்டும். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு இப்போது அதிகபட்சம் 3 வருடம், அதனால் தள்ளிப்போடத் தள்ளிப்போட நஷ்டம். பில்லில் 20 சதவீதம் நாமே கட்டும் ‘கோ-பே’ இருக்கிறதா, ரூம் வாடகை உச்சவரம்பு எவ்வளவு என்று பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை, ஏஜென்ட் பழைய 18 சதவீதத்தைச் சேர்த்துத் தொகை சொன்னால் திருத்தச் சொல்லுங்கள்.

மருத்துவ பாலிசி பிரீமியத்துக்கான 80டி வரிச்சலுகை பழைய வரி முறையில்தான் கிடைக்கும். நீங்கள் புதிய முறையில் இருந்தால் அதை நம்பிப் பாலிசி போடாதீர்கள்.