1846 மனுவை எங்கே தேடுவது?

வணக்கம். 1846-ல் கனடா மாகாணச் சட்டமன்றத்துக்குக் கொடுத்த ஒரு மனுவின் மூலத்தாள் ஒட்டாவா காப்பகத்தில் கிடைக்கவில்லை, பட்டியலில் ஏதும் தவறா என்று கேட்டிருந்தீர்கள். பட்டியலில் தவறு இருக்க வாய்ப்பு குறைவு. அந்தத் தாள் பெரும்பாலும் எரிந்துபோயிருக்கும்.

அப்போது சட்டமன்றம் மாண்ட்ரியலில், செயின்ட் ஆன் சந்தைக் கட்டடத்தில் இருந்தது. நூலகமும் ஆவணங்களும் அங்கேயேதான். 1849 ஏப்ரல் 25 இரவு, கலக இழப்பீட்டுச் சட்டத்துக்கு (1837-38 கலகங்களில் சொத்து இழந்தவர்களுக்கு ஈடு தரும் சட்டம்) ஆளுநர் எல்ஜின் ஒப்புதல் தந்த கோபத்தில் ஒரு கூட்டம் உள்ளே புகுந்தது; கட்டடமே எரிந்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களில் மிஞ்சியவை சுமார் இருநூறுதான். விக்டோரியா அரசியின் ஓவியத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிக் காப்பாற்றினார்கள். ஆவணங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும். பிறகு நாடாளுமன்றம் கியூபெக்கில் இருந்தபோது, 1854-ல் அங்கும் அதன் கட்டடம் எரிந்தது.

சரி, வழி இருக்கிறது. முதலில் 1846-ஆம் ஆண்டின் அச்சிட்ட அவைக் குறிப்பேட்டைப் பாருங்கள். யார் மனு கொடுத்தார், என்ன கேட்டார் என்ற சுருக்கம் அதில் இருக்கும். பின்னிணைப்பையும் விடாதீர்கள், குழு அறிக்கைகள் அங்கேதான் வரும். அச்சுப் பிரதிகள் பல ஊர்களுக்குப் போனதால் தப்பின. பழைய கனடிய அச்சு நூல்களைத் தரும் கனடியானா இணையதளத்தில் இலவசமாகவே படிக்கலாம். அப்புறம், ஆளுநர்கள் லண்டனுக்கு அனுப்பிய கடிதங்கள் லண்டனின் கியூ பகுதியிலுள்ள பிரிட்டிஷ் தேசியக் காப்பகத்தில் சிஓ 42 (சிஓ என்றால் காலனி அலுவலகம்) என்ற தொகுதியில் உள்ளன. மனு அரசிக்கும் போயிருந்தால் அங்கே கிடைக்கலாம்.

மனுதாரரின் ஊரை எழுதுங்கள், குறிப்பேட்டில் நானும் தேடுகிறேன்.