பாத்ரூம் தரையில் ஸ்டிக்கர் டைல்ஸ் ஒட்டலாமா?

கேள்வி: வாடகை வீட்டில் இருக்கிறோம். பாத்ரூம் 6 அடிக்கு 4 அடி. உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டுத் தரை வெளுத்துவிட்டது. பின்பக்கம் பசையுள்ள 30 செ.மீ. வினைல் டைல்ஸ் 24 ஆன்லைனில் வாங்கிவிட்டேன். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று போட்டிருக்கிறது. ஒட்டித்தர மேஸ்திரி 3,500 ரூபாய் கேட்கிறார். நம்பி ஒட்டலாமா?

பதில்: குளிக்கிற பக்கம் ஒட்டாதீர்கள். வாஷ்பேசின் பக்கம் ஒட்டலாம், அதுவும் ஈரம் வராத இடம்தானா என்று பார்த்த பிறகு.

‘வாட்டர்ப்ரூஃப்’ என்பது பொய் இல்லை. வினைல் தகட்டுக்குள் தண்ணீர் போகாதுதான். இரண்டு டைலுக்கு நடுவே இருக்கும் முடியளவு இடுக்கைப் பற்றி அட்டைப்பெட்டி வாயே திறக்காது. விளம்பரப் படத்தைப் பாருங்கள்: ஷவர் கண்ணாடிக் கூண்டுக்குள், வெளியே தரையில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. நாமோ வாளியும் கப்புமாகக் குளிக்கிறோம், அங்கேயே துணியும் அலசுகிறோம். வாட்டத்தில் ஓடி ட்ராப்பில் (தரையிலுள்ள தண்ணீர் போகும் துளையில்) விழ வேண்டிய தண்ணீர் ஒவ்வொரு இடுக்கிலும் கொஞ்சம் இறங்கி அடியிலேயே தங்கிவிடும். அப்படி ஒட்டியிருந்த ஒரு வீட்டில் பட்டித் தகட்டை ஓரத்தில் செருகினேன்; டைல் தோசை மாதிரி முழுசாக எழும்பி வந்தது. அடியில் கறுப்பாகத் தண்ணீர், சாக்கடை நாற்றம். ஆறு மாதமாக அந்த வீட்டம்மா ட்ராப்பில் பினாயில் ஊற்றிக்கொண்டிருந்தாராம்.

அடுத்து மேஸ்திரி. ‘பசை போதாது சார், நான் தனியா கம் போட்டு ஒட்டித்தர்றேன்’ என்பார். வேண்டாம். சில கம்மிலுள்ள கரைப்பான் வினைலையே இளக்கிவிடும். ‘முதலில் ஆசிட் ஊற்றிக் கழுவிடலாம்’ என்பார். அதற்கு ஒத்துக்கொள்ளவே கூடாது. ஆசிட் கறையோடு சேர்த்து டைல் இடுக்கிலுள்ள சிமெண்டையும் தின்னும். அப்புறம் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் பூக்கும். ‘இன்னும் ரெண்டு பெட்டி வாங்குங்க, கடை நமக்குத் தெரிஞ்சதுதான்’ என்றால் அந்தக் கடையில் அவருக்குக் கமிஷன் உண்டா என்று கேளுங்கள். இவர்களை மட்டும் குறை சொல்லி என்ன? ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, ட்ராப்புக்கு ஓடுகிறதா என்று பார்க்காமலே வீடு கட்டுகிறவர்கள் பாத்ரூமைக் கட்டி முடித்துச் சாவி கொடுக்கிறார்கள். யாரும் கேட்பதில்லை.

சரி, எந்த இடம் ஈரம் படாதது? கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பழைய செய்தித்தாளைக் கிழித்து வாஷ்பேசினுக்குக் கீழேயும் கதவோரமும் பரப்புங்கள். வீட்டில் எல்லோரும் வழக்கம்போலக் குளிக்கட்டும். குழந்தை இருந்தால் கடைசியில் அதுவும். நனைந்த தாள் எங்கே முடிகிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போடுங்கள். மறுநாளும் இதையே செய்யுங்கள். வேலைக்கு வரும் அக்கா வாரம் ஒருமுறை மொத்தத் தரையிலும் தண்ணீர் அடித்துத் தேய்ப்பவரா? அப்படியென்றால் நிலைப்படி வரைக்கும் ஈரமான இடம்தான், கோடே தேவையில்லை. இனி மாப் மட்டும்தான் என்று அவரிடம் பேசி முடித்த பிறகு ஒட்டுங்கள். குளிக்குமிடத்துக்கும் மற்ற இடத்துக்கும் நடுவே சின்னக் கட்டை கட்டியிருந்தால் கவலை குறையும். அப்போதும் தாள் வைத்துப் பாருங்கள், ஏனென்றால் கட்டைக்கு மேலேயும் தெறிக்கும்.

ஒட்டும் வேலையை நீங்களே செய்துகொள்ளலாம். சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, சோப்புப் போக அலசி, ஃபேன் போட்டு இரண்டு நாள் நன்றாகக் காயவிடுங்கள். பழைய டைல் இடுக்குகள் பள்ளமாக இருந்தால் க்ரௌட் (இடுக்கை அடைக்கும் கலவை) போட்டுச் சமமாக்குங்கள். இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் அந்தக் கோடுகள் வினைல் மேல் தெரியும். டைல்ஸைப் பிரித்து ஒரு நாள் அதே அறையில் வையுங்கள். பின்பக்கத் தாளை உரிக்காமல் முதலில் அடுக்கிப் பாருங்கள். 30 செ.மீ. ஓர் அடி இல்லை, அரை செ.மீ. குறைவு. நான்கு டைல் அடுக்கினால் 4 அடிச் சுவரில் ஏறக்குறைய 2 செ.மீ. காலியாக நிற்கும், அதற்குத் துண்டு வெட்ட வேண்டும். சுவரோரம் ஆரம்பிக்காதீர்கள், நம் சுவர்கள் நேராக இருப்பதே அபூர்வம். நடுவில் கோடு போட்டு ஆரம்பியுங்கள். ஒவ்வொன்றாக உரித்து ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சப்பாத்திக் கட்டையால் அழுத்தி உருட்டுங்கள். ஒரு நாளாவது தண்ணீர் படக்கூடாது, இரண்டு மூன்று நாள் பொறுத்தால் இன்னும் நல்லது.

குளிக்கிற பக்கத்துக்கு வேறு வழி. உப்புக் கறையில் வினிகர் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவைத்துப் பிளாஸ்டிக் பிரஷ்ஷால் தேய்த்து நன்றாக அலசுங்கள். டைலின் பளபளப்பே போயிருந்தால் வினிகரால் அதைக் கொண்டுவர முடியாது. தரை காய்ந்ததும் இடுக்கிலுள்ள பழைய சிமெண்டைச் சுரண்டியெடுத்து எபாக்சி க்ரௌட் (சிமெண்டுக்குப் பதில் பிசினால் ஆனது) போடச் சொல்லுங்கள். மேஸ்திரிக்குப் பணம் கொடுப்பதென்றால் இந்த வேலைக்குக் கொடுக்கலாம்.

வினைலைப் பிறகு உரித்தால் பழைய டைலில் பசை அப்பிக்கொள்ளும், அதைக் காட்டி அட்வான்ஸில் பிடிக்கிற வீட்டுக்காரர்கள் உண்டு. ஒட்டுவதற்கு முன்பே அவரிடம் சொல்லி, ‘சரி’ என்ற பதிலை வாட்ஸ்அப்பில் வாங்கி வையுங்கள். 24 டைலில் பாதிகூட உங்களுக்குத் தேவைப்படாது என்றே தோன்றுகிறது. திருப்பி அனுப்பும் கெடு இன்னும் முடியவில்லை என்றால் மற்ற பெட்டிகளைப் பிரிக்காமல் வைத்திருங்கள்.