கட்டளை எந்த கிளஸ்டருக்குப் போகிறது?

கேள்வி: தொலைவில் ஒரு சர்வரில் ஓடும் குபர்நெட்டிஸ் கிளஸ்டரை (செயலிகளை கண்டெய்னர்களில் ஓட்டி நிர்வகிக்கும் அமைப்பு) என் லேப்டாப்பிலிருந்தே கையாள நினைக்கிறேன். அதற்குக் கட்டளை அனுப்பும் கியூப்சிடிஎல் கருவியை நிறுவிவிட்டேன். என்ன கட்டளை கொடுத்தாலும், லோக்கல்ஹோஸ்ட் 8080-இல் இணைப்பு மறுக்கப்பட்டது என்றே வருகிறது. சர்வரில் பழுதா?

பதில்: சர்வரைச் சந்தேகப்படாதீர்கள். உங்கள் கட்டளை அங்கே போகவே இல்லை. கிளஸ்டர் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால், கியூப்சிடிஎல் உங்கள் லேப்டாப்பிலேயே 8080 போர்ட்டைத் தட்டிப் பார்க்கும்.

கிளஸ்டரின் முகவரியும் அதற்குள் நுழையும் சாவியும் கியூப்கான்ஃபிக் என்ற அமைப்பு ஃபைலில் இருக்கும். கியூப்அட்மின் என்ற நிறுவும் கருவியை வைத்து அமைத்த கிளஸ்டர் என்றால், கண்ட்ரோல் பிளேன் சர்வரின் (கிளஸ்டரை இயக்கும் தலைமை சர்வர்) குபர்நெட்டிஸ் ஃபோல்டரில் அட்மின் டாட் கான்ஃப் என்று ஒன்று கிடைக்கும். அதை எஸ்சிபி (பாதுகாப்பாக ஃபைல் நகலெடுக்கும் கட்டளை) மூலம் நகலெடுத்து, ஹோம் டைரக்டரியில் டாட் கியூப் ஃபோல்டருக்குள் கான்ஃபிக் என்ற பெயரில் வையுங்கள். கிளஸ்டரின் முழு அதிகாரமும் அந்த ஒரு ஃபைலில் இருக்கிறது. அதனால் பர்மிஷனை 600 (உங்களால் மட்டும் படிக்க, எழுத முடியும்) ஆக்கிவிடுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள்.

அதில் இருப்பது உள் நெட்வொர்க் முகவரி என்றால் வெளியிலிருந்து எட்டாது. அதற்காக, கிளஸ்டர் கட்டளைகளை வாங்கும் 6443 போர்ட்டை உலகத்துக்கே திறந்துவிட வேண்டாம். லேப்டாப்பின் ஒரு போர்ட்டிலிருந்து அந்த சர்வருக்குப் பாதுகாப்பான வழியான எஸ்எஸ்எச் டனல் போட்டு, கியூப்கான்ஃபிக் ஃபைலின் சர்வர் வரியில் முகவரியை 127.0.0.1 (உங்கள் லேப்டாப்) என்று மாற்றுங்கள். இப்போது, சர்வர் தன்னை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழ் இந்த முகவரிக்குப் பொருந்தவில்லை என்று பிழை வரலாம். சரிபார்ப்பையே அணைத்துவிடச் சொல்லிப் பலர் வழி காட்டுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அதே ஃபைலில் டிஎல்எஸ் சர்வர் நேம் (சான்றிதழில் எதிர்பார்க்கும் பெயர்) என்ற வரியைச் சேர்த்து, குபர்நெட்டிஸ் என்று எழுதினால் போதும். கியூப்அட்மின் தரும் சான்றிதழில் அந்தப் பெயர் இருக்கும்.

அப்புறம், இரண்டாவது கிளஸ்டர் வரும் நாளில் கவனம். ஒரு மாலை, சோதனை கிளஸ்டர் என்று நினைத்து ஒரு நேம்ஸ்பேஸை (கிளஸ்டருக்குள் ஒரு தனிப் பிரிவு) அழித்தேன். கட்டளை எந்த கிளஸ்டருக்குப் போகும் என்று சொல்லும் கண்டெக்ஸ்ட் அமைப்பு, உண்மையான கிளஸ்டரில் நின்றிருந்தது. அதிலிருந்த பாட் (ஓடும் செயலிகள்), சர்வீஸ் (அவற்றை அணுகும் முகவரிகள்), சீக்ரெட் (கடவுச்சொற்கள் போன்ற ரகசியங்கள்) எல்லாமே போயின. சீக்ரெட்டுகளுக்கு நகல் இல்லை. விடியும்வரை ஒவ்வொன்றாகத் திரும்ப உருவாக்கினோம். அன்றிலிருந்து, அழிக்கும் கட்டளை எதுவானாலும் கண்டெக்ஸ்ட் பெயரை அதிலேயே எழுதித்தான் என்டர் தட்டுகிறேன். உண்மையான கிளஸ்டரின் கான்ஃபிக்கைத் தனி ஃபைலாக வைத்து, தேவைப்படும்போது மட்டும் ஒரு டெர்மினலில் கியூப்கான்ஃபிக் என்ற சூழல் மாறி (என்விரான்மென்ட் வேரியபிள்) வழியாக அதைக் காட்டுகிறேன். வேலை முடிந்ததும் அந்த டெர்மினலை மூடிவிடுகிறேன்.