4,999 ரூபாய்க்கு ஒரு கேம் தகுமா?

ஐயாயிரம் ரூபாய் கேம் அந்தக் காசுக்கு ஈடாகுமா, இல்லை கம்பெனிக்காரர்கள் கொள்ளையடிக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட விதத்தைப் பார்த்தால் பிஎஸ்5 (டிவியில் கேம் ஆட உதவும் பிளேஸ்டேஷன் 5 பெட்டி) புதிதாக வாங்கியிருக்கிறீர்கள், வீட்டில் பேச்சும் வாங்கியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. என் வீட்டிலும் இதே கதைதான். எந்த விசேஷத்துக்குப் போனாலும் என் மச்சான் நாலு பேர் முன்னால் "இந்த வயசுலயும் பொம்மை வாங்குறார் பாருங்க" என்று ஆரம்பித்துவிடுவார். அதனால் பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விலையை விளையாடும் மணி நேரத்தால் வகுத்து, "சினிமா டிக்கெட்டைவிட மலிவு" என்று சிலர் கணக்குக் காட்டுவார்கள். அதை நம்பாதீர்கள். நேரத்தை இழுத்தடிப்பது கேம் செய்பவர்களுக்குப் பெரிய வேலையே இல்லை. 2009இல் வந்த அசாசின்ஸ் கிரீட் 2 என்ற கேமில் கூரை கூரையாக ஏறி நூறு இறகு பொறுக்கச் சொல்வார்கள். (நல்ல கேம்தான், ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.) இறகு பொறுக்கிய நேரத்தையும் மதிப்பில் சேர்த்தால் எப்படி?

நான் கொடுத்த காசுக்கு மேல் பல மடங்கு திருப்பித் தந்தது ஹாலோ நைட் என்ற கேம். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் டீம் செர்ரி என்ற சின்னக் குழு செய்து, 2017இல் 15 டாலருக்கு விட்டது. தள்ளுபடியில் ஒரு பிரியாணிக் காசுக்கு வாங்கினேன். பூமிக்கடியில் பூச்சிகளின் பாழடைந்த ராஜ்ஜியம். புது இடத்துக்குள் நுழைந்தால் கையில் வரைபடம் இருக்காது, அடிவாங்கிக்கொண்டே அலைய வேண்டியதுதான். திடீரென்று தரையில் காகிதங்கள் சிதறிக் கிடக்கும், யாரோ ராகம் முணுமுணுப்பது கேட்கும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போனால், கார்னிஃபர் என்ற வரைபடக்காரர் உட்கார்ந்திருப்பார். அவரிடம் அரைகுறைப் படம் ஒன்றைக் காசுக்கு வாங்க வேண்டும். மீதியை நாமே வரையலாம், ஆனால் அதற்கான இறகுப் பேனாவை மேலே கடையில் அவர் மனைவி தனியாக விற்பார்! அந்த முணுமுணுப்பு காதில் விழும்போது ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அதற்காகவே முழு விலையும் கொடுத்திருப்பேன். பிறகு வந்த நான்கு கூடுதல் பகுதிகளையும் இலவசமாகவே கொடுத்தார்கள். 2025 செப்டம்பரில் அடுத்த பாகமான சில்க்சாங் 20 டாலருக்கு வந்தபோது, குவிந்த கூட்டத்தில் கணினி கேம் விற்கும் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையே சற்று நேரம் படுத்துவிட்டது.

அதற்காகப் பெரிய கேமெல்லாம் ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. நூற்றுக்கணக்கானோருக்குச் சம்பளம் கொடுத்துச் செய்தால் விலை கூடத்தான் செய்யும். என் கோபம் வேறு. முழு விலை கொடுத்து ஒரு பெரிய கேமின் டிஸ்க் வாங்கிப் போட்டால், மீதியை டவுன்லோடு செய் என்கிறது. எங்கள் ஏரியா பிராட்பேண்டோ தூறல் விழுந்தாலே போய்விடும். புகார் சொன்னால் "சாயங்காலம் ஆள் வருவாங்க சார்" என்பார்கள், எந்தச் சாயங்காலம் என்று சொல்ல மாட்டார்கள். ஆள் வராமலே "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ் வரும். பில் மட்டும் மழையோ வெயிலோ தேதி தவறாது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், வேறு எங்கே போய்ச் சொல்வது?

"மொபைலில் இலவசமாக விளையாடலாமே" என்று கீழே கமெண்டில் யாராவது வருவார்கள். என் சித்தி பையனும் அப்படித்தான் சொல்வான். கேமில் வரும் துப்பாக்கிக்குக் கலர் மாற்ற அவன் மாதாமாதம் கட்டும் காசைச் சேர்த்தால் முழு விலை கேமே வாங்கிவிடலாம்.

ஆன்லைன் இல்லாமல் ஓடாத கேம் என்றால் இன்னும் யோசியுங்கள். உபிசாஃப்ட் என்ற கேம் கம்பெனி 2014இல் வெளியிட்ட தி க்ரூ என்ற கார் பந்தய கேமின் சர்வரை 2024 மார்ச் 31இல் மூடிவிட்டது. காசு கொடுத்தவர்கள் டிஸ்கை வைத்து அழகு பார்க்க வேண்டியதுதான்.

சரி, உங்கள் விஷயம். டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5 என்றால் டிஸ்காகவே வாங்குங்கள். முடித்த கையோடு கீறல் இல்லாமல் விற்றால் கணிசமாகத் திரும்பிவிடும், அப்போது உங்கள் செலவு 4,999 இல்லை. டிரைவ் இல்லாத மாடல் என்றால் தள்ளுபடி வரும்வரை பொறுங்கள். கணினியில் ஸ்டீம் வைத்திருந்தால், வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். ஹாலோ நைட் பிளேஸ்டேஷனிலும் கிடைக்கிறது, முதலில் அதைப் போட்டுப் பாருங்கள்.