மழையில் வை (Wye) பள்ளத்தாக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் நடைக்குழுவில் 14 பேர். அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை, வேல்ஸில் டின்டர்ன் மடத்தருகே தொடங்கி, பழைய இரும்புப் பாலத்தில் வை ஆற்றைக் கடந்து, டெவில்ஸ் பல்பிட் பாறைக்கு ஏறி, ப்ராக்வியர் ஊர் வழியாகத் திரும்ப நினைக்கிறோம். மழை உறுதி என்கிறார்கள். எத்தனை மணி நேரம் ஒதுக்குவது? – வாசகர், ரெடிங்

பதில்: சுற்று ஏறக்குறைய 9 கி.மீ., ஏற்றம் 200 மீட்டருக்குச் சற்று மேல். மணிக்கு 5 கி.மீ., ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி என்பது 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் வகுத்த கணக்கு. அதன்படி இரண்டே கால் மணி நேரம் போதும். ஆனால் அது காய்ந்த தரையில் திடமாக நடக்கும் ஒருவருக்கான கணக்கு. சேற்றில் 14 பேர் என்றால் மணிக்கு 3 கி.மீ. என்று வையுங்கள், நடைக்கு மூன்று மணி, ஏற்றத்துக்கு அரை மணி, நின்று சாப்பிட முக்கால் மணி. காலை 10-க்குக் கிளம்பினால் இரண்டரைக்குள் திரும்பிவிடலாம்.

மழைக்குப் பயந்து நவம்பர் முதல் சனிக்குத் தள்ளிப்போடுவதானால் ஒன்றைக் கவனியுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி பின்னுக்குப் போகும். மூன்றாவது சனியன்று ஆறு மணி தாண்டி மறையும் சூரியன், அப்போது நாலே முக்காலுக்குள் மறைந்துவிடும். மரம் மூடிய பள்ளத்தாக்கில் அதற்கும் அரை மணி முன்பே பாதை தெரியாது. ஆளுக்கொரு தலைவிளக்கு வேண்டும். கைபேசி வெளிச்சத்தை நம்பாதீர்கள்.

கேள்வி: இரண்டு நாளாக இங்கே மழையே இல்லை. ஆற்றோரப் பாதை தண்ணீரில் மூழ்க வாய்ப்புண்டா?

பதில்: உண்டு, பலர் ஏமாறுவது இதில்தான். வை ஆறு பிறப்பது மத்திய வேல்ஸின் பிளின்லிமன் மலையில். டின்டர்ன் வந்து சேர 200 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது. அங்கே பெய்த பெருமழை இங்கே வர ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அதனால் உங்கள் தலைக்கு மேலிருக்கும் வானத்தைப் பார்த்துப் பயனில்லை, ஆற்றின் மேற்பகுதியில் உள்ள அளவு நிலையங்களின் நீர்மட்டத்தைப் பாருங்கள். போதாததற்கு டின்டர்ன் வரை கடல் ஓதமும் (கடல் மட்டம் ஏறி இறங்குவது) ஏறுகிறது. வை ஆறு போய்க் கலக்கும் செவர்ன் முகத்துவாரத்தின் ஓதம் உலகின் மிக உயர்ந்தவற்றில் ஒன்று. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெரிய ஓதமும் வெள்ளமும் ஒரே வேளையில் சேர்ந்தால் கரை தாண்டும் வாய்ப்பு அதிகம். எனவே ஓத அட்டவணையும் அவசியம். மேற்குக் கரை வேல்ஸ், கிழக்குக் கரை இங்கிலாந்து. வெள்ள எச்சரிக்கை விடும் அமைப்புகள் வேறு வேறு, இரண்டையும் பாருங்கள். பாதை மூழ்கியிருந்தால் தண்ணீரில் இறங்காமல் ஏறிய வழியே திரும்புங்கள்.

கேள்வி: என்ன உடுத்துவது? குடை போதாதா?

பதில்: ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வேண்டாம். பருத்தி நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை இழுத்துவிடும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை, மேலே மழை ஜாக்கெட், மழைக் காற்சட்டை. ஏறும்போது உள்ளடுக்கு ஒன்றைக் கழற்றுங்கள். வேர்வையில் நனைவதும் மழையில் நனைவதும் ஒன்றுதான். பைக்கு மேலே போடும் உறை முதுகுப் பக்கம் கசியும்; பைக்குள் தடித்த குப்பைப் பையை விரித்து, மாற்று மேசோடும் ஸ்வெட்டரும் அதில் வையுங்கள். குடை ஆற்றோரச் சமதளத்துக்குச் சரி. ஏற்றத்தில் கை காலியாக இருக்கட்டும்.

கேள்வி: வழுக்கி விழாமலும், யாரும் பின்தங்காமலும் போக வழி?

பதில்: ஈர இலைக்கு அடியில் இருப்பதுதான் ஆபத்து: பீச் மர வேர்களும், பலர் மிதித்து மழுங்கிய சுண்ணாம்புக் கல்லும். வேரை மிதிக்காமல் தாண்டுங்கள். இறக்கத்தில் சிறு அடிகளாக, முழுப் பாதமும் பதிய வையுங்கள். அடிப்பாகம் தேய்ந்த பூட்ஸை வீட்டில் விட்டுவிடுங்கள்.

முன்னே வழி தெரிந்த ஒருவர், கடைசியில் மாறாத ஒருவர். ஒவ்வொரு கதவிலும் கிளைப்பாதையிலும் கடைசி ஆள் வரும்வரை முன்னவர் நிற்க வேண்டும், தலையை எண்ணுங்கள். பின்னால் வந்து சேர்பவருக்கும் மூச்சு வாங்க இடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். முன்னே வந்தவர்கள் ஓய்வெடுத்து, அவர் வந்ததும் நடையைக் கட்டுவது பழைய குழுக்களிலும் நடக்கும் அநியாயம்.

காற்று பலமாக இருந்தால் பட்டுப்போன ஆஷ் மரங்களின் கீழே உட்காராதீர்கள். பூஞ்சை நோயால் அவற்றின் கிளைகள் சொல்லாமல் முறியும். பள்ளத்தாக்கில் பல இடங்களில் கைபேசிக்குச் சிக்னல் சரியாகக் கிடைக்காது. ஆங்கிலத்தில் 'ரெஜிஸ்டர்' என்று பிரிட்டனின் அவசர உதவி எண்ணான 999-க்குக் குறுஞ்செய்தி அனுப்பி முன்னதாகப் பதிந்துவைத்தால், குரல் போகாத இடத்திலிருந்தும் எழுத்து போக வாய்ப்புண்டு.

கேள்வி: வழியில் நிறையக் காளான் முளைத்திருக்குமாமே, பறித்துச் சமைக்கலாமா?

பதில்: வேண்டாம். ஓக், பீச் மரத்தடியில் முளைக்கும் டெத் கேப் காளானின் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. வாந்தி தொடங்கவே ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிறகு தணிந்து, குணமானதுபோலத் தோன்றும்போதுதான் கல்லீரல் கெடுகிறது.