வைஃபை எந்தப் படியில் நிற்கிறது? மடிக்கணினி கேள்வி பதில்

மடிக்கணினிகளைப் பழுது பார்ப்பது பல ஆண்டுகளாக என் வேலை. வைஃபை குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ‘நெட் வரவில்லை’ என்று நாம் சொல்வதற்குள் நான்கு வெவ்வேறு கோளாறுகள் அடங்கியிருக்கின்றன. கணினிக்குள் இருக்கும் வைஃபை அட்டை அணைந்து கிடக்கலாம். அட்டை வேலை செய்தும் ரூட்டர் அதன் கண்ணில் படாமல் இருக்கலாம். ரூட்டரைக் கண்டும் அது உள்ளே விடாமல் இருக்கலாம். உள்ளே விட்ட பிறகு, அதற்கு அப்பால் வழி அடைபட்டிருக்கலாம். உங்கள் கணினி இவற்றில் எந்தப் படியில் நிற்கிறது என்று தெரியும்வரை எதையும் அழிக்கவோ புதிதாக நிறுவவோ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, உறவினர் ஒருவர் தாம் பயன்படுத்திய மடிக்கணினியை எனக்குக் கொடுத்திருக்கிறார். விண்டோஸ் 10 இருக்கிறது. வைஃபையை எங்கே ‘ஆன்’ செய்வது என்றே தெரியவில்லை.

பதில்: திரையைத் தொடுவதற்கு முன் கணினியின் விளிம்புகளைத் தடவிப் பாருங்கள். பழைய மாடல்கள் பலவற்றில் முன்விளிம்பிலோ பக்கவாட்டிலோ நகத்தால் தள்ளக்கூடிய சிறிய சுவிட்ச் ஒன்று இருக்கும். அது ‘ஆஃப்’ பக்கம் இருந்தால், விண்டோஸுக்குள் எத்தனை முறை அழுத்தினாலும் வைஃபை வராது. சுவிட்ச் இல்லாத மாடல்களில் மேல்வரிசையில் உள்ள எஃப்1 முதல் எஃப்12 வரையிலான விசைகளில் ஒன்றில் அலைக்கம்பம் அல்லது விமானம் வரையப்பட்டிருக்கும். இடது கீழ்மூலையில் உள்ள எஃப்என் விசையைப் பிடித்துக்கொண்டு அதை ஒருமுறை மட்டும் அழுத்திவிட்டு, ஐந்தாறு நொடிகள் பொறுத்திருங்கள். பொறுமையிழந்து இரண்டாம் முறை அழுத்தினால், வந்த வைஃபை மறுபடி அணைந்துவிடும்.

அதன் பிறகு விண்டோஸ் விசையுடன் ஏ விசையை அழுத்தினால் வலப்பக்கத்தில் கட்டங்கள் தோன்றும். அங்கே ‘ஏர்பிளேன் மோட்’ அணைந்தும் ‘வைஃபை’ ஒளிர்ந்தும் இருக்க வேண்டும். ஏர்பிளேன் மோட் என்பது வைஃபை, புளூடூத் ஆகிய எல்லா வானலைகளையும் ஒருசேர நிறுத்தும் ஏற்பாடு. விசைப்பலகையில் தவறுதலாக விரல் பட்டு அது இயங்கிவிடுவது மிகவும் சாதாரணம்.

இந்தச் சின்ன சுவிட்சைப் பற்றி இவ்வளவு எழுதக் காரணம் உண்டு. ஒருவர் வைஃபை வரவில்லை என்பதற்காக விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போட்டுவிட்டு, அப்போதும் வராமல் என்னிடம் கொண்டுவந்தார். கணினியைப் பையிலிருந்து எடுத்துத் திருப்பியபோது, முன்விளிம்பில் சுவிட்சுக்கு அருகே கடுகளவு ஆரஞ்சு நிற விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பையின் ஓரம் உரசி சுவிட்ச் நகர்ந்திருக்கிறது. தள்ளியதும் விளக்கு நீலமாயிற்று, வைஃபையும் வந்தது. ஆனால் அவருடைய குடும்பப் புகைப்படங்கள் போனது போனதுதான்.

கேள்வி: எனக்கு வைஃபை பொத்தானே காணாமல் போய்விட்டது. நேற்று இரவுவரை இருந்தது. செட்டிங்ஸில் ‘ஈதர்நெட்’ மட்டும்தான் காட்டுகிறது. இது எதனால்?

பதில்: பொத்தான் காணவில்லை என்றால் விண்டோஸுக்கு வைஃபை அட்டையே தெரியவில்லை என்று பொருள். ஆகவே ரூட்டரையோ கடவுச்சொல்லையோ இப்போது சந்தேகிக்க வேண்டாம். விண்டோஸ் விசையுடன் எக்ஸ் விசையை அழுத்தி ‘டிவைஸ் மேனேஜர்’ என்பதைத் திறந்து, அதில் ‘நெட்வொர்க் அடாப்டர்ஸ்’ என்ற வரியை விரித்துப் பாருங்கள். வைஃபை அட்டையின் பெயர்மீது கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால், அது யாராலோ முடக்கப்பட்டிருக்கிறது. வலச்சொடுக்கி ‘எனேபிள்’ கொடுத்தால் போதும். மஞ்சள் முக்கோணம் இருந்தால், அட்டையை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளான டிரைவரில் கோளாறு. வலச்சொடுக்கி ‘அன்இன்ஸ்டால்’ செய்யுங்கள். அப்போது டிரைவரையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்கும் கட்டத்தில் குறியிடாமல் விட்டு, கணினியை ‘ரீஸ்டார்ட்’ செய்தால் விண்டோஸ் அட்டையைத் தானே மறுபடி கண்டுபிடித்து அமைத்துக்கொள்ளும்.

‘ரீஸ்டார்ட்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ‘ஷட் டவுன்’ செய்து மறுபடி இயக்குவதும் அதுவும் ஒன்றல்ல. விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி இயங்கினால், ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் கணினி தன் நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொண்டு, மறுநாள் அதையே எடுத்து விரிக்கும். நேற்றைய கோளாறும் அதோடு சேர்ந்தே விரியும். ‘ரீஸ்டார்ட்’ செய்யும்போதுதான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

பட்டியலில் அட்டையின் பெயரே இல்லை என்றால், நான் முதலில் செய்வது மின்சாரத்தை முழுவதுமாக வடிப்பது. கணினியை நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, கழற்றக்கூடிய பேட்டரியாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பொத்தானை 30 நொடிகள் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே எஞ்சியிருக்கும் மின்னேற்றம் வடிந்ததும், சிக்கிக்கொண்ட அட்டை விழித்துக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ‘நேற்று இரவுவரை இருந்தது’ என்கிறீர்கள். உங்களுக்கு இது பலன் தர நல்ல வாய்ப்பு உண்டு.

கேள்வி: நானும் அதேபோல் 30 நொடி பிடித்தேன், வந்துவிட்டது. ஆனால் வாரம் ஒருமுறை மறுபடி போய்விடுகிறது. மேல்மூடியைத் திறந்து மூடும்போதுகூடப் போகிறது.

பதில்: மூடியை அசைக்கும்போது போகிறது என்று நீங்கள் சேர்த்து எழுதியது நல்லதாயிற்று. மடிக்கணினியின் வைஃபை ஆன்டெனா பெரும்பாலும் திரையைச் சுற்றியுள்ள சட்டத்துக்குள் இருக்கும். அங்கிருந்து மெல்லிய இரண்டு கம்பிகள் கீல் வழியாக இறங்கி வந்து, அடியில் உள்ள அட்டையில் மிகச் சிறிய இரண்டு உலோகக் குமிழ்களில் பொருந்தும். கம்பி நைந்தாலோ கழன்றாலோ அட்டை இருக்கும், ஆனால் சிக்னல் தேய்ந்துவிடும். ரூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் நெட் கிடைக்கும். உங்களுக்கு அட்டையே மறைவதால், அது தன் பொருத்துவாயில் தளர்ந்திருக்கலாம் அல்லது பழுதாகிக்கொண்டிருக்கலாம். பழகிய கை கொண்டவரிடம் கொடுத்து அட்டையைக் கழற்றி மறுபடி அழுத்திப் பொருத்தச் சொல்லுங்கள். அதன் பிறகும் மறைந்தால் அட்டையை மாற்றிவிடலாம். தாய்ப்பலகையை (மதர்போர்டை) மாற்ற வேண்டும் என்று யாராவது முதல் பேச்சிலேயே சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதுவரை யுஎஸ்பி துளையில் செருகும் சிறிய வைஃபை அடாப்டர் வேலையை ஓட்டிக்கொடுக்கும்.

கேள்வி: வைஃபை இணைந்துவிட்டது, கோடுகளும் முழுமையாக இருக்கின்றன. ஆனால் ‘நோ இன்டர்நெட்’ என்கிறது. அதே வைஃபையில் என் போன் நன்றாக வேலை செய்கிறது.

பதில்: அந்தக் கோடுகள் உங்களுக்கும் ரூட்டருக்கும் நடுவிலுள்ள சிக்னலை மட்டுமே காட்டும், ரூட்டருக்குப் பின்னால் இணையம் இருக்கிறதா என்பதை அவை சொல்லா. முதலில் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அதன் பிறகும் நெட் வருகிறதா என்று பாருங்கள். வைஃபையில் இணையம் இல்லாதபோது பல போன்கள் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும். நாம் கணினியின்மேல் பழிபோட்டுக்கொண்டிருப்போம். டேட்டாவை அணைத்ததும் போனிலும் வரவில்லை என்றால், பிழை ரூட்டரிலோ இணைய இணைப்பிலோதான். ரூட்டரின் மின்சாரத்தை எடுத்து, அரை நிமிடம் விட்டு, மறுபடி கொடுங்கள்.

போனில் வருகிறது என்றால் கணினிக்குள் தேடுவோம். செட்டிங்ஸில் வைஃபை பக்கத்துக்குப் போய், இணைந்துள்ள நெட்வொர்க்கின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ திறந்து, கீழே ‘ஐபிவி4 அட்ரஸ்’ என்ற எண்ணைப் படியுங்கள். நெட்வொர்க்கில் உங்கள் கணினியின் முகவரி அதுதான். அது 169.254 என்று தொடங்கினால், ரூட்டர் உங்கள் கணினிக்கு முகவரி தரவில்லை, கணினி தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. ‘ஐபி அசைன்மென்ட்’ என்பது ‘ஆட்டோமேட்டிக்’ ஆக இருக்கிறதா என்று பார்த்து, நெட்வொர்க்கை ‘ஃபர்கெட்’ செய்து, கடவுச்சொல் கொடுத்து மறுபடி இணையுங்கள். அலுவலகக் கணினியாக இருந்தால், அங்கே யாரோ கையால் எழுதிவைத்த நிரந்தர முகவரியே வீட்டில் வழிமறித்துக்கொண்டிருக்கும்.

எண் 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் முகவரி பெரும்பாலும் சரியாகக் கிடைத்திருக்கிறது. அப்போது கட்டளைகளைத் தட்டும் ‘கமாண்ட் பிராம்ப்ட்’ சாளரத்தைத் திறந்து, எதிர்முனை பதில் தருகிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளையை 8.8.8.8 என்ற எண்ணுக்குக் கொடுத்துப் பாருங்கள். பதில் வந்தால் இணையம் இருக்கிறது. தளங்களின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் மட்டும் கைவிட்டிருக்கிறது. டிஎன்எஸ் முகவரியாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று கொடுத்தால் சரியாகிவிடும். இணையப் போக்குவரத்தை வேறொரு கணினி வழியாகத் திருப்பிவிடும் பழைய விபிஎன் மென்பொருளும் ‘ப்ராக்ஸி’ அமைப்பும் இதே தொல்லையைத் தரக்கூடும் என்பதால் இரண்டையும் அணைத்துப் பாருங்கள். இன்னொன்று: திரையின் மூலையில் தேதியும் ஆண்டும் சரியா? ஆண்டு தவறாக இருந்தால், தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவை என்று பிரவுசர் முடிவுகட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் எச்சரிக்கை காட்டும். அணைத்துவைக்கும் போதெல்லாம் தேதி பின்னோக்கிப் போனால், தாய்ப்பலகையில் கடிகாரத்துக்கென்று இருக்கும் சிறிய பேட்டரி தீர்ந்திருக்கிறது.

கேள்வி: போனில் தெரியும் எங்கள் வைஃபையின் பெயர் கணினியில் தெரியவே இல்லை. மற்ற வீட்டாரின் பெயர்கள் எல்லாம் தெரிகின்றன.

பதில்: மற்ற பெயர்கள் தெரிவதால் அட்டையில் குறையில்லை. உங்கள் ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் ஒலிபரப்புகிறது, உங்கள் கணினியோ 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே கேட்கக்கூடியது என்று கருதுகிறேன். டிவைஸ் மேனேஜரில் அட்டையின் பெயரைப் படியுங்கள்: 802.11 என்ற எண்ணுக்குப் பின் பி, ஜி, என் ஆகிய எழுத்துகள் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் 2.4க்கு உரியது, ஏ அல்லது ஏசி என்று இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸும் கேட்கும். ரூட்டரின் அமைப்பில் 2.4 அலைவரிசையையும் இயக்கிவிடுங்கள். அது ஏற்கெனவே இயங்குகிறது என்றால், அந்த அலைவரிசையின் உட்பிரிவுகளான சேனல்களில் 12 அல்லது 13இல் இருக்கிறதா என்று பாருங்கள். சில கணினிகள் அந்தச் சேனல்களைக் கேட்பதே இல்லை. 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் பக்கத்துச் சேனல்களோடு மோதலும் குறையும்.

கேள்வி: கடவுச்சொல் சரிதான், நூறு முறை பார்த்துவிட்டேன். ஆனாலும் ஏற்கவில்லை.

பதில்: தட்டும் பெட்டியின் ஓரத்தில் உள்ள கண் சின்னத்தை அழுத்தி, நீங்கள் தட்டுவதாக நினைப்பது உண்மையில் விழுகிறதா என்று பாருங்கள். விசைப்பலகை வேறு மொழியில் இருப்பதும் ‘கேப்ஸ் லாக்’ எரிவதும் அங்கே உடனே வெளிப்படும். எழுத்துகள் சரியாக விழுந்தும் மறுத்தால், ரூட்டரை அண்மையில் மாற்றினீர்களா என்று யோசியுங்கள். 2018இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூபிஏ3 பாதுகாப்பை மட்டும் ஏற்கும்படி ரூட்டர் அமைந்திருந்தால், பழைய அட்டைகள் உள்ளே நுழைய முடியாது. ரூட்டரில் ‘டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலவை’ என்ற தேர்வை வையுங்கள். கடைசிவரை முயன்று சலித்துப்போய் கடவுச்சொல்லையே எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்து அறுந்து வருகிறது. சார்ஜரில் இருக்கும்போது பரவாயில்லை.

பதில்: விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். பேட்டரியைச் சேமிக்க விண்டோஸ் உங்கள் வைஃபை அட்டையை உறங்கவைக்கிறது. டிவைஸ் மேனேஜரில் அட்டையின் மேல் இருமுறை சொடுக்கி, ‘பவர் மேனேஜ்மென்ட்’ பகுதியில், மின்சாரம் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற வரியின் குறியை எடுத்துவிடுங்கள். சில புதிய கணினிகளில் அந்தப் பகுதியே இருக்காது. அவற்றுக்கு உற்பத்தியாளர் தளத்தில் உள்ள புதிய டிரைவரே வழி.

வீட்டில் எல்லாக் கருவிகளிலும் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் ஒரு நிமிடம் மறைந்து மறுபடி வருகிறது என்று வேறு இருவர் எழுதியிருக்கிறார்கள். அவர்களுடையது வேறு கதை. 5 கிகாஹெர்ட்ஸின் சில சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரேடார் ஒலி கேட்டதாகத் தோன்றினால் ரூட்டர் அந்தச் சேனலை விட்டு விலக வேண்டும். அத்தகைய இன்னொரு சேனலுக்குப் போனால், குறைந்தது 60 நொடிகள் கேட்டுப் பார்த்த பிறகே பேசலாம் என்பது விதி. ரூட்டரில் 36 முதல் 48 வரையிலான சேனல் ஒன்றை நிலையாக வைத்தால் தொல்லை தீரும்.

கேள்வி: படுக்கையறையில் மட்டும் மிக மெதுவாக இருக்கிறது. மேக்புக் வைத்திருக்கிறேன்.

பதில்: ஆப்ஷன் விசையைப் பிடித்துக்கொண்டு மேலே உள்ள வைஃபை சின்னத்தைச் சொடுக்கினால், ‘ஆர்எஸ்எஸ்ஐ’ என்ற பெயரில் மைனஸ் குறியுள்ள எண் ஒன்று தெரியும். -50 மிக நன்று; -70 சுமார்; -80 என்றால் திண்டாட்டம். எண் 10 குறைந்தால் வந்து சேரும் அலையின் வலிமை பத்தில் ஒரு பங்காகிறது என்று கொள்ளுங்கள். கணினியைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்கு அறை நடந்து அந்த எண்ணைப் பார்த்தாலே எந்தச் சுவர் விழுங்குகிறது என்று புரிந்துவிடும். சுவர்களைத் தாண்டுவதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மேல், வேகத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் மேல். எண் நன்றாக இருந்தும் 2.4இல் மெதுவாக இருந்தால், கணினியில் செருகியிருக்கும் யுஎஸ்பி 3 வன்தட்டைக் கழற்றிப் பாருங்கள். அதன் இரைச்சல் அதே அலைவரிசையில் விழும். மைக்ரோவேவ் அடுப்பு இயங்கும் நேரமும் அப்படித்தான்.

கேள்வி: லினக்ஸ் போட்டதிலிருந்து வைஃபை ‘பிளாக்ட்’ என்கிறது.

பதில்: கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில், வைஃபை போன்றவற்றின் தடைகளைக் காட்டும் ஆர்எஃப்கில் கட்டளையின் பட்டியலைப் பாருங்கள். ‘சாஃப்ட்’ தடை என்றால் அதே கட்டளையால் நீக்கலாம். ‘ஹார்டு’ தடை என்றால் முதல் பதிலில் சொன்ன சுவிட்சையோ விசையையோதான் தேட வேண்டும்.

கேள்வி: ‘நெட்வொர்க் ரீசெட்’ கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே?

பதில்: நெட்வொர்க் அமைப்புகளை எல்லாம் தொடக்க நிலைக்குக் கொண்டுபோவது அது. சில வேளைகளில் சரியாகும். ஆனால் சேமித்துவைத்த கடவுச்சொற்களும் விபிஎன் அமைப்புகளும் போய்விடும். அவற்றைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு, மேலே சொன்னவை எதுவும் பலிக்காதபோது மட்டும் செய்யுங்கள். பொத்தானை அழுத்தியபின் ஐந்து நிமிடத்தில் கணினி தானே ரீஸ்டார்ட் ஆகும். திறந்துள்ள கோப்புகளை அதற்குள் சேமித்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு டிரைவர்தான் வேண்டும். ஆனால் நெட் இல்லாமல் எப்படி இறக்குவது? ‘டிரைவர் அப்டேட்டர்’ என்று ஒரு மென்பொருளை நண்பர் பென்டிரைவில் தருகிறார்.

பதில்: அந்த பென்டிரைவ் வேண்டாம். அத்தகைய மென்பொருள்கள் பொருந்தாத டிரைவரைத் திணிப்பதையும், கேட்காத விளம்பரங்களைக் கொண்டுவருவதையும் நிறையப் பார்த்துவிட்டேன். போனை யுஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்து, போனின் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் ‘யுஎஸ்பி டெதரிங்’ என்பதை இயக்குங்கள். ஆண்ட்ராய்டு போனாக இருந்தால், விண்டோஸ் அதைக் கம்பி வழி இணைப்பாக எடுத்துக்கொள்ளும். வைஃபை டிரைவர் தேவையே இல்லை. பிறகு கணினியைத் திருப்பி, அடியில் ஒட்டியுள்ள சீட்டில் இருக்கும் மாடல் எண்ணைப் பார்த்து, உற்பத்தியாளரின் தளத்தில் அதே எண்ணுக்கு உரிய டிரைவரை இறக்குங்கள். சீட்டில் எழுத்து அழிந்திருந்தால், தொடக்கத் தேடலில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்று தட்டினால் ‘சிஸ்டம் மாடல்’ என்ற வரியில் அதே பெயர் இருக்கும்.